கடை விளம்பரத்துக்குப் பாட்டுக் கேட்டால் கொடுக்கலாமா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குப் பக்கத்தில் நின்றுதான் கதைக்கிறேன், வாகனச் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் கிற்றார், ட்ரம்ஸ் என்று சேர்ந்து சொந்தப் பாட்டுச் செய்கிற பெடியள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு புடைவைக் கடை விளம்பரத்துக்குப் பாட்டுக் கேட்கிறது அண்ணா, கொடுத்தால் எங்களை யாரும் மதிப்பார்களா என்று. தாராளமாகக் கொடுங்கள். பாட்டுக்குள் கடையின் பெயரை நுழைக்க மட்டும் விடாதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், இங்கிலாந்தில் த கிளாஷ் என்று ஒரு பங்க் ரொக் குழு இருந்தது. அவர்களுடைய 'ஷுட் ஐ ஸ்டே ஓர் ஷுட் ஐ கோ' 1982இல் வந்தபோது பிரித்தானியத் தரவரிசையில் 17ஆம் இடத்தோடு நின்றுவிட்டது, 1986இல் குழுவே கலைந்துபோனது. பிறகு 1991இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள், சிங்கிளை, அதாவது அந்த ஒரு பாட்டின் இசைத்தட்டை, திரும்பவும் கடைகளுக்கு விட்டார்கள், முதலிடம் வந்தது. அந்தக் குழுவுக்குப் பிரித்தானியாவில் கிடைத்த ஒரேயொரு முதலிடம் அதுதான், குழு இல்லாமல் போய் ஐந்து வருடத்துக்குப் பிறகு! அந்தப் பாட்டில் ஜீன்ஸைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. ஸ்டீவ் மில்லர் பான்டின் 'த ஜோக்கர்' 1973இல் வந்த பாட்டு, அதுவும் 1990இல் இதே மாதிரி லீவைஸ் விளம்பரத்தால்தான் அங்கே முதலிடத்துக்குப் போனது.

இதில் ஒரு விசயத்தை வடிவாகக் கவனியுங்கள். விளம்பரம் பாட்டைக் காதில் போடும், அவ்வளவுதான். தரவரிசை எண்ணுவது, கேட்ட ஆள் எழும்பிப் போய் வாங்கினாரா, இப்போதென்றால் தேடி எடுத்துக் கேட்டாரா என்பதை. அதனால் விளம்பரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பாட்டு உங்கள் குழுவின் பெயரில் யூடியூப்பிலும் ஸ்பொட்டிஃபையிலும் முழுதாக இருக்க வேண்டும். தேடி வருகிறவருக்குக் கடையின் வீடியோ மட்டும் கிடைத்தால் அந்தக் கேட்பெல்லாம் கடைக்குத்தான் போகும்.

சரி, அடுத்தது வேறு வகை இசைக்காரரோடு சேருவது. எனக்கு மிகவும் பிடித்த கதை அமெரிக்க ரொக் குழு ஏரோஸ்மித்தும் நியூயோர்க் ராப் குழு ரன் டிஎம்சியும். 'வோக் திஸ் வே' ஏரோஸ்மித்தின் 1975ஆம் ஆண்டு அல்பத்தில் வந்த ரொக் பாட்டு. நியூயோர்க் ராப் பெடியளுக்கு அந்தக் குழு யாரென்றே சரியாகத் தெரியாது, இசைத்தட்டின் தொடக்கத்தில் வருகிற அந்த ட்ரம்ஸ் அடியை மட்டும் திருப்பித் திருப்பி ஓட விட்டு அதன் மேலே ராப் சொல்லுவார்கள். ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளர்தான் முழுப் பாட்டையும் செய்வோம் என்று பிடிவாதமாக நின்று, ஏரோஸ்மித்தின் பாடகர் ஸ்டீவன் டைலரையும் கிற்றார்காரர் ஜோ பெரியையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். 1986இல் அது அமெரிக்காவில் 4ஆம் இடம் வரை ஏறியது, பழைய பதிவு 10ஐத் தாண்டவில்லை. வீடியோவில் இரண்டு குழுவும் பக்கத்துப் பக்கத்து அறையில் ஒருவர் சத்தத்தில் ஒருவர் எரிச்சல்படுவார்கள், பிறகு டைலர் மைக் ஸ்டாண்டால் நடுச் சுவரை உடைப்பார். இறங்கிப்போயிருந்த ஏரோஸ்மித் திரும்ப எழும்பியது அதற்குப் பிறகுதான். இங்கிலாந்தின் கோல்ட்பிளே குழு 2021இல் கொரியாவின் பிடிஎஸ் குழுவோடு சேர்ந்து 'மை யூனிவர்ஸ்' பாடியபோதும் அமெரிக்கத் தரவரிசையில் நேரே முதலிடத்தில் இறங்கினார்கள். கொரிய இரசிகர் கூட்டம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அயர்லாந்து ரொக் குழு யூ2வுக்கு நடந்ததையும் பாருங்கள். 2014இல் அப்பிள் அவர்களுடைய புது அல்பத்தை தன்னுடைய இணைய இசைக்கடையான ஐடியூன்ஸில் கணக்கு வைத்திருந்த 50 கோடிப் பேருக்குக் கேட்காமலே இலவசமாகப் போட்டுவிட்டது. சனத்துக்குக் கோபம். அதை அழிப்பதற்கென்றே அப்பிள் தனியாக ஒரு வழி செய்து கொடுக்க வேண்டி வந்தது, குழுவின் பாடகர் பொனோ மன்னிப்பும் கேட்டார். இலவசமாகப் போனதை அமெரிக்கத் தரவரிசையைப் போடுகிற பில்போர்ட் கணக்கில் எடுக்கவில்லை. விற்பனைக்கு வந்தபோது அல்பம் 9ஆம் இடத்தில் நின்றது, அதற்கு முந்தின அல்பம் முதலிடம் எடுத்திருந்தது. விரும்பித் தேடுகிறவரை விட்டுவிட்டு எல்லோருடைய ஃபோனுக்குள்ளும் பாட்டைத் திணித்தால் இதுதான் நடக்கும்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். கோயில் திருவிழா மேடைகளில் இரண்டு பாட்டுக்கு நடுவில் அறிவிப்பாளர் அனுசரணையாளர் பெயர்களை வாசிக்கிறார், பின்னால் பெரிய பதாகை தொங்குகிறது, பாடுகிற பிள்ளைகளின் பெயரை ஒருதரம் சொன்னாலே பெரிய விசயம். அது எனக்கு உண்மையாகவே மனவருத்தம். காசு தருகிறவரிடம் பேசும்போதே, ஒவ்வொரு முறையும் குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பாட்டின் உரிமையை விற்காதீர்கள், விளம்பரத்துக்கு இத்தனை மாதம் பாவிக்கலாம் என்று மட்டும் கொடுங்கள்.

அப்புறம், யாரோடு சேருவது என்று கேட்டால் சென்னைப் பக்கம் பார்க்கிறதுக்கு முன்னம் முல்லைத்தீவுப் பக்கம் பாருங்கள். கோவலன் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் இருக்கிறார்கள், அந்த மத்தள அடிக்கு மேலே கரகரவென்று உறுமுகிற ஒரு டிஸ்டோர்ஷன் கிற்றாரை வைத்துக் கற்பனை செய்து பாருங்கள். கூத்துப் பார்க்கிற ஐயா அம்மாமாரும் உங்களைக் கேட்பார்கள், உங்கள் இரசிகர்களும் கூத்துக்கு வருவார்கள். அப்படிச் சேர்ந்து வாசிக்கச் சம்மதிக்கிற அண்ணாவி யாரையாவது தெரிந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், பெடியளைக் கூட்டிக்கொண்டு நானே கமராவோடு வருகிறேன்.