170 ரூபாய் ஃபைன்

வணக்கம், வணக்கம். இன்றைக்கு வழக்கமான மேசை இல்லை. பின்னால் தெரிவது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. இடையில் ரயில் வந்தால் கொஞ்சம் நிறுத்துவேன், அது உங்களுக்குப் பழக்கம்தானே. பிளேன்டீ பக்கத்தில் இருக்கிறது, இஞ்சி போட்டது.

முதலில் இதைப் பாருங்கள். கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன். தெரிகிறதா? நேற்று நூலகத்தில் 170 ரூபாய் ஃபைன் கட்டி வாங்கிய ரசீது. ஒரு புத்தகத்துக்கு நாளைக்கு 5 ரூபாய், 17 நாள் பிந்திவிட்டது. 5 தர 17 என்றால் 85தானே என்று கேட்கப்போகிறீர்கள். இரண்டு புத்தகம் எடுத்திருந்தேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அந்த 170ஐக் கட்ட நான் பட்ட பாடு! என்னிடம் 5000 ரூபாய்த் தாள் ஒன்றுதான் இருந்தது. அங்கிருந்த ஐயா, "சில்லறை இல்லை மகள், மாற்றிக்கொண்டு வாங்கோ" என்றார். பக்கத்துப் பலசரக்குக் கடையில் இல்லை என்றார்கள். மருந்துக் கடையில் தாளைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு பேக்கரி, அங்கே 120 ரூபாய்க்கு ஒரு மாலுபாண், அதாவது மீன் வைத்த பாண், வாங்கிய பிறகுதான் மாற்றித் தந்தார்கள். அதையும் சேர்த்தால் 290 ரூபாய். மாலுபாண் நன்றாக இருந்தது, சூடாக, மிளகு தூக்கலாக. ஆனால் 5000 ரூபாய்த் தாளோடு வருகிறவரைத் திருடனைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

வீட்டுக்கு வந்து ரசீதை மேசையில் வைத்தேன். அண்ணாவின் மகள், நீங்கள் போன வீடியோவில் கீபோர்டோடு பார்த்தீர்களே, அவள்தான், எடுத்து வாசித்தாள். மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது. ஆங்கிலத்தில் ‘ஃபைன்’. அன்றைக்குக் காலையில்தான் வகுப்பில் ‘ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ’ என்று பத்துத் தரம் எழுதியிருக்கிறாள். "மாமி, நல்லா இருக்கிறதுக்கு ஏன் நூலகம் காசு வாங்குது?" என்று கேட்டாள்.

‘அது வேற, இது வேற’ என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எழுத்து ஒன்று, சொல் இரண்டு என்று. இரவு உட்கார்ந்து பார்த்தால், இரண்டும் ஒரே வேரில் வந்தவை. நேற்று இரவு முழுக்க இதே சந்தோஷம்தான்.

லத்தீனில் ‘ஃபீனிஸ்’ என்று ஒரு சொல். முடிவு, எல்லை என்று பொருள். ஃபினிஷ், ஃபைனல் எல்லாம் அதன் பிள்ளைகள். ஃபைனான்ஸ்கூட அந்தக் குடும்பம்தான், கடனைத் தீர்த்து முடிப்பது என்பதுதான் பழைய பொருள். நாம் கட்டுகிற ஃபைனும் அதேதான். அந்தக் காலத்தில் அது தண்டனையின் பெயர் இல்லை. ஒரு விவகாரத்தைத் தீர்த்து முடித்துக்கொள்ளக் கொடுத்த காசு. குற்றத்துக்கு விதிக்கிற பணம் என்ற பொருள் பிறகுதான் ஏறியது.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், காணி விஷயத்தில் இரண்டு தரப்பும் நீதிமன்றத்தில் சமாதானமாக முடித்துக்கொள்ளும் உடன்படிக்கைக்கே ‘ஃபைன்’ என்றுதான் பெயர். ‘இது இறுதி இணக்கம்’ என்றுதான் லத்தீனில் தொடங்கும். 1195இலிருந்து அதை ஒரே தோலில் மூன்று தரம் எழுதினார்கள். எழுதிவிட்டு நேராக வெட்டவில்லை, வளைத்து வளைத்து வெட்டினார்கள். பின்னாளில் யாராவது போலியைக் கொண்டுவந்தால் வளைவு பொருந்தாது, பிடிபட்டுவிடும். ஆளுக்கு ஒரு துண்டு. அடியில் இருந்த மூன்றாவது துண்டு அரசாங்கத்திடம். அந்த அடித்துண்டை ‘ஃபுட்’ என்றார்கள், அதாவது பாதம். லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஃபீட் ஒஃப் ஃபைன்ஸ்’ என்ற பெயரில் இன்றைக்கும் அவை இருக்கின்றன. 1833இல் ஒரு சட்டம் கொண்டுவந்துதான் அந்த முறையை நிறுத்தினார்கள்.

இப்போது இந்த ரசீதின் ஓரத்தைப் பாருங்கள். துளை துளையாக இருக்கிறதே, அந்த வரிசையில் கிழித்துத்தான் அந்த ஐயா எனக்குத் தந்தார். மற்றப் பாதி அவருடைய புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குத் தமிழில் என்ன பெயர்? அடிக்கட்டை! அங்கேயும் அடி, இங்கேயும் அடி. இதைக் கண்டதும் தனியாக இருந்து கைதட்டினேன்.

கொஞ்சம் பொறுங்கள், ரயில்... சரி, போய்விட்டது.

அப்படியென்றால் ‘நல்ல’ என்ற ஃபைன் எங்கிருந்து வந்தது? அதுவும் முடிவிலிருந்துதான். ஒரு வேலையைக் கடைசி எல்லை வரைக்கும் கொண்டுபோய்விட்டால், அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லையென்றால், அது ஃபைன். கொழும்புச் செட்டியார் தெருவில் நகை வாங்கினவர்களுக்கு இது உடனே விளங்கும். என் வளையலின் உள்பக்கத்தில், இதோ, 916 என்று குத்தியிருக்கிறது. 22 கரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். அந்த அளவுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபைன்னெஸ்’ என்று பெயர். கலப்படத்தை நீக்கி நீக்கி முடிவு வரைக்கும் கொண்டுபோன தங்கம் அதில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகுதான் மெல்லியது, நுண்ணியது என்ற பொருள்களும் சேர்ந்தன. நுண்கலை என்று நாம் சொல்வதில் உள்ள ‘நுண்’ அந்த ஃபைன்தான்.

ஆனால் பேச்சுக்கு வந்தால் இந்தச் சொல்லை நம்பவே கூடாது! ‘ஃபைன் வெதர்’ என்றால் மழை இல்லை. ‘ஃபைன் ரெயின்’ என்றால் தூறல், மழை இருக்கிறது. அதை விடுங்கள். ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சாள், பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். அவர் ‘ஐ ஆம் ஃபைன்’ என்றாராம். சுகமாக இருக்கிறார், சந்தோஷம் என்று மச்சாள் உள்ளே போய்ப் பாலூற்றித் தேநீர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவர் சொன்னது ‘வேண்டாம்’ என்று. வேண்டாம் என்று பாடப்புத்தகம் எங்கே சொல்லித் தருகிறது? ‘ஹவ் ஆர் யூ’வுக்குப் பதில் என்று ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யவைத்துவிட்டு விடுகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம். பிள்ளைகள் ‘ஐ ஆம் வெரி ஃபைன்’ என்றும் எழுதுகிறார்கள். உடம்பு சுகத்தைச் சொல்லும்போது அப்படி வராது, ‘வெரி வெல்’ என்றுதான் வரும். அதையும் யாரும் திருத்துவதில்லை.

இன்னொன்று, தனியே ‘ஃபைன்’ என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்வது. வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது, ஒருவர் எழுந்து ‘ஃபைன்’ என்கிறார். அங்கே நலமும் இல்லை, நல்லதும் இல்லை. என் அம்மா ‘சரி’ என்பாரே, அதேதான். நீட்டி ‘சரி...’ என்றால் சம்மதம். வெட்டி ‘சரி!’ என்றால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு இல்லை. கதை முடிந்தது என்று அர்த்தம். அந்த ஃபைனில்தான் எனக்குப் பழைய லத்தீன் முடிவு அப்படியே கேட்கிறது.

ஆ, ரசீதிலுள்ள மற்ற இரண்டு மொழியைச் சொல்லாமல் போகிறேன். தமிழில் ‘தண்டப்பணம்’. தமிழ்நாட்டில் இருந்து பார்க்கிறவர்கள் அபராதம் என்பீர்கள், எங்களுக்குத் தண்டம்தான். எனக்குத் தண்டம்தான் பிடிக்கும். அபராதம் என்றால் வடமொழியில் குற்றம். குற்றத்தின் பெயரையே காசுக்கும் வைத்துவிட்டோம். தண்டம் என்றால் கோல். தண்டிக்கிற கோல், பிறகு தண்டனை, பிறகு அதற்கான பணம், பிறகு வீணாகப் போனதெல்லாம் தண்டம், தண்டச்சோறு. ஆனால் கோவிலில் கோல் மாதிரி நெடுக விழுந்து கும்பிட்டால் அதுவும் தண்டனிடுவது. ஒரு ஃபைனுக்குள் காசும் நலமும் இருப்பது அதிசயம் என்றால், எங்கள் தண்டத்துக்குள் கும்பிடும் இருக்கிறது, சோறும் இருக்கிறது! சிங்களத்தில் ‘தட முதல்’ என்று இருக்கிறது. தட என்பது நம் தண்டத்தின் உறவு, முதல் என்பது தமிழ் முதலேதான், அங்கே காசு என்ற பொருளில். ஒரு சின்னக் கடதாசியில் இத்தனை!

நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். மலையகத்தில் இருக்கிறவர்கள், மட்டக்களப்பில் இருக்கிறவர்கள் கட்டாயம் எழுதுங்கள். போன தடவை ‘சொறி’ என்ற ஆங்கில மன்னிப்புச் சொல்லைப் பற்றிய வீடியோவுக்கு நீங்கள் அனுப்பியவற்றை எல்லாம் சிவப்புக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்புறம் நேற்று இரவு நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. இதையெல்லாம் மருமகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாதியில் எழுந்து போய்த் தன் கீபோர்ட் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பாட்டின் கடைசி வரிக்கு மேலே ஆங்கில ‘ஃபைன்’ சொல்லின் அதே எழுத்துக்கள். இத்தாலிய மொழியில் ‘ஃபீனே’ என்று வாசிக்க வேண்டும், அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்த வேண்டும். இத்தனை நாளும் அந்த இடம் வந்தால் ‘நன்றாக வாசி’ என்று சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தாளாம். பென்சிலை எடுத்து அதன் பக்கத்தில், சின்ன எழுத்தில், ‘முடிவு’ என்று எழுதிவைத்தாள்.

அடுத்த ரயில் வருகிறது. சரி.