முதலில் மாறவேண்டியது சட்டமே

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் என் வணக்கம்.

"இனவெறிப் படுகொலைகளைத் தடுக்க முதலில் மாறவேண்டியது மனமா, துப்பாக்கிச் சட்டமா?" என்பது இன்று நம்முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், துப்பாக்கி தானாக எவரையும் சுடுவதில்லை, விசையை அழுத்துவது ஒரு விரல், அந்த விரலை அசைப்பது மனத்தில் ஊறிக்கிடக்கும் வெறுப்பு, ஆகவே மனத்தைத் திருத்தாமல் சட்டத்தைத் திருத்திப் பயனில்லை என்று உள்ளம் உருகப் பேசினார். வெறுப்புதான் வேர் என்று அவர் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் வேர் எது என்று கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. அடுத்த கொலையாளி இப்போது எங்கோ ஓர் அறையில் திரைமுன் உட்கார்ந்திருக்கிறான் என்றால், அவனுக்கும் அவன் குறிவைத்திருக்கும் மக்களுக்கும் நடுவே இன்றைக்கே எதைக் கொண்டுபோய் நிறுத்த முடியும் என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

ஒரே ஆண்டில் நடந்த இரண்டு தாக்குதல்களை அவையின் முன் வைக்கிறேன். 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் ஒருவன் புகுந்து 51 பேரைக் கொன்றான். கொலையை முகநூலில் நேரலையாகவும் காட்டினான். அவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அன்று பிரதமராக இருந்த ஜசிந்தா ஆர்டெர்ன் அப்பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார், அது சரியான முடிவென்று நானும் நம்புகிறேன். ஏழு மாதம் கழித்து, அக்டோபர் 9 அன்று, யூதர்கள் நோன்பிருந்து வழிபடும் யோம் கிப்பூர் நாளில், ஜெர்மனியின் ஹாலே நகரில் இன்னொருவன் யூதத் தொழுகைக்கூடத்தின் வாசலுக்கு வந்தான். கிறைஸ்ட்சர்ச்சைப் பார்த்துத் தூண்டப்பட்டவன் அவன். வந்தேறிகளால் தன் இனம் அழிகிறது என்ற அதே நம்பிக்கை, அதற்குக் காரணம் யூதர்களே என்ற வெறுப்பு, அதே நேரலை, அவனைப் போலவே தன் வெறுப்பை எழுதி இணையத்தில் வெளியிட்ட அறிக்கை. உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வழிபட்டுக்கொண்டிருந்தனர்.

வெறுப்பை எடைபோட ஒரு தராசு இருந்தால் இருவர் தட்டும் சமமாகவே நின்றிருக்கும். ஆனால் ஹாலேயில் வந்தவனின் கையில் இருந்தவை அவனே செய்த துப்பாக்கிகள். அவை திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டன. பூட்டிய கதவைச் சுட்டுப் பார்த்தான், கதவு திறக்கவில்லை. தெருவில் சென்ற ஒரு பெண்ணையும், அருகிலிருந்த உணவகத்தில் ஓர் இளைஞரையும் அவன் கொன்றுவிட்டான். அந்த இரண்டு உயிர்களையும் நான் சிறிதாகக் கருதவில்லை. ஆனால் கதவுக்கு உட்புறம் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினார்கள். அவன் மனம் திருந்தியதால் அவர்கள் பிழைக்கவில்லை, நடுவர் அவர்களே. கதவு தாங்கியது, ஆயுதம் வேலை செய்யவில்லை. அதனால் பிழைத்தார்கள்.

கிறைஸ்ட்சர்ச்சில் நடந்ததோ வேறு. கொலையாளியிடம் இருந்தது முறைப்படி பெற்ற உரிமம். 2020-இல் வெளியான அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கையை நான் படித்தபோது என்னை உறுத்திய இடம் ஒன்று உண்டு. உரிமம் தருவதற்கு முன், விண்ணப்பித்தவனை நன்கு அறிந்த நெருங்கிய உறவினர் ஒருவரைக் காவல்துறை விசாரிக்க வேண்டியிருந்தது. அதற்கு மாறாக, இணைய விளையாட்டின் வழியே அவனுக்குப் பழக்கமான ஒரு நண்பரையும், அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரையும் விசாரித்து உரிமத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவன் மனத்துக்குள் நுழைந்து பார்க்க எவராலும் முடிந்திருக்காது. ஆனால் அந்த விண்ணப்பம் ஒரு மேசையின் மேல் இருந்தது. ஒரு மனிதர் அதைப் படித்துக் கையெழுத்திட்டார். தடுக்கக் கூடிய இடம் அந்த மேசைதான். நியூசிலாந்து அதைப் புரிந்துகொண்டது. ஒரு மாதம் முடிவதற்குள் விசையை அழுத்த அழுத்தத் தொடர்ந்து சுடும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்யும் சட்டம் 119-க்கு 1 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றது.

துப்பாக்கி இல்லையென்றால் லாரியை ஏற்றிக் கொல்வார்கள் என்று எதிரணியில் ஒருவர் கேட்டார். உண்மைதான். 2016 ஜூலை 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில் ஒரு தீவிரவாதி கூட்டத்தின் மேல் லாரியை ஓட்டி 86 பேரைக் கொன்றான். அதன்பின் உலகின் பெருநகரங்கள் என்ன செய்தன? நடைபாதைகளின் ஓரத்தில் கான்கிரீட் தடுப்புகளையும் இரும்புத் தூண்களையும் நட்டன. ஓட்டுநர்களின் மனம் பண்படட்டும், அதுவரை தடுப்பு வேண்டாம் என்று எந்த நகராட்சியும் சொல்லவில்லை. லாரிக்குப் பொருந்தும் நியாயம் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

மனமாற்றத்துக்காக உழைப்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஜெர்மனியில் எக்சிட் என்ற அமைப்பு 2000-ஆம் ஆண்டிலிருந்து ஹிட்லரின் கொள்கையை இன்றும் பின்பற்றும் நவநாசிக் குழுக்களைவிட்டு வெளியேற விரும்புவோருக்குத் துணைநிற்கிறது. பொறுமை வேண்டிய, ஆபத்தும் நிறைந்த பணி அது. ஆனால் அந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் வெளியேறுவது என்று தாமே முடிவெடுத்தவர்கள். எந்தக் கதவையும் தட்டாமல் நேராகத் துப்பாக்கிக் கடைக்குப் போகிறவனை என்ன செய்வது?

2022 மே 14 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதியின் பல்பொருள் அங்காடியில் பத்துப் பேரைக் கொன்றவனுக்கு வயது 18. 2020-இல் பெருந்தொற்றுக் காலச் சலிப்பில் இணையக் குழுக்களை மேயத் தொடங்கியதாக அவனே எழுதி வைத்திருந்தான். வெள்ளையரை அகற்றிவிட்டு அவர்கள் இடத்தில் பிறரைக் குடியேற்றச் சதி நடக்கிறது என்ற பொய்க் கோட்பாட்டை அவன் அங்கேதான் உள்வாங்கினான். சலிப்பிலிருந்து படுகொலைக்கு வந்து சேர இரண்டே ஆண்டுகள். இடையில் 2021-இல், கொலையும் தற்கொலையுமே தன் எதிர்காலத் திட்டம் என்று பள்ளியில் எழுதியதற்காகக் காவல்துறை அவனை மனநல மதிப்பீட்டுக்கு அழைத்துச் சென்றது. ஆபத்தானவர் கையில் துப்பாக்கி சேராமல் நீதிமன்றத்தின் வழியே தடுக்கும் சட்டம் நியூயார்க் மாநிலத்தில் 2019 முதலே இருந்தது. அதை எவரும் பயன்படுத்தவில்லை. அவன் கடைக்குப் போனான், வாங்குபவரின் பின்னணியை ஆராயும் சரிபார்ப்பில் தேறினான், துப்பாக்கி வாங்கினான். மனம் கெட்டுப்போனது தெரிந்த பிறகும், ஆயுதத்தைத் தடுக்கும் கை நீளவில்லை என்பதே அங்கு நடந்த தவறு.

நல்லவர் கையிலும் துப்பாக்கி இருந்தால் போதும் என்போருக்கும் அந்த அங்காடியிலேயே விடை இருக்கிறது. காவலுக்கு நின்றவர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. கடமை தவறாமல் திருப்பிச் சுட்டார். குண்டும் பட்டது. ஆனால் கொலையாளி குண்டு துளைக்காத கவச உடை அணிந்திருந்தான். அந்தக் காவலர் கொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவரானார். அமெரிக்காவில் பொதுமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் 39 கோடிக்கும் மேல் என்பது 2017-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. மக்கள்தொகையை விஞ்சும் எண்ணிக்கை அது. துப்பாக்கிகளின் பெருக்கம் பாதுகாப்பைத் தருமென்றால், அதைவிடப் பாதுகாப்பான நாடு உலகில் இருந்திருக்கக் கூடாது.

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரைச் சுட்டிக்காட்டி அவையைக் கண்கலங்க வைத்தார். 2015 ஜூன் 17 இரவு, கறுப்பின மக்களின் இமானுவேல் தேவாலயத்தில் வேதபாட வகுப்புக்கு வந்தவர்கள், முன்பின் அறியாத வெள்ளை இளைஞன் ஒருவனை வரவேற்றுத் தங்களோடு உட்கார வைத்தார்கள். அன்று அவர்கள் படித்தது விதைக்கிறவனைப் பற்றிய உவமை. இறுதி ஜெபத்துக்காக எல்லோரும் கண்களை மூடிய நேரத்தில் அவன் சுடத் தொடங்கி, ஒன்பது பேரைக் கொன்றான். இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில், உறவை இழந்தவர்களில் சிலர் அவனை நோக்கி "உன்னை மன்னிக்கிறேன்" என்றார்கள். இதைவிட உயர்ந்த மனமாற்றப் பாடம் வேண்டுமா என்று அவர் கேட்டார்.

அந்த மன்னிப்பின் முன் நானும் தலைவணங்குகிறேன். ஆனால் நண்பர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். நடந்தது அத்துடன் நிற்கவில்லை. போதைப்பொருள் வைத்திருந்ததை ஒப்புக்கொண்ட அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்கவே கூடாது. ஆனால் பின்னணியைச் சரிபார்த்த அதிகாரிக்கு, அந்த வழக்கைப் பதிந்த காவல் நிலையத்தின் பதிவேடு கிடைக்கவில்லை. மூன்று அலுவல் நாள்களுக்குள் பதில் வராவிட்டால் விற்றுவிடலாம் என்று கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்தது. கடைக்காரர் விற்றார். அந்தக் கெடுவைப் பத்து நாளாக நீட்டும் சட்டமுன்வரைவு 2019-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறியும் மேலவையைத் தாண்டவில்லை. 2022-இல் வந்த சட்டம் பத்து நாள் வரை நீட்டிப்பது 21 வயதுக்குக் குறைந்தவர்களின் சரிபார்ப்பை மட்டுமே. சார்ல்ஸ்டன் கொலையாளி துப்பாக்கியைப் பெற்றபோது அவனுக்கு வயது 21.

இறந்த ஒன்பது பேரின் குடும்பங்களும் உயிர்தப்பிய ஐவரும், அந்தத் துப்பாக்கி எப்படி விற்கப்பட்டது என்று கேட்டு அமெரிக்க அரசின்மீது வழக்குத் தொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த அந்த வழக்கில், 2021 அக்டோபரில் 8 கோடியே 80 லட்சம் டாலர் தர அரசு ஒப்புக்கொண்டது. கொலையாளியை மன்னிக்க முடிந்த அந்தக் குடும்பங்களால், அவன் கைக்கு ஆயுதம் போய்ச் சேர்ந்த வழியை மன்னித்துவிட்டுப் போக முடியவில்லை. எதிரணி நண்பர்கள் அவர்களையே சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள், நடுவர் அவர்களே. அவர்கள் நீதிமன்றத்தில் கேட்டதையும் சேர்த்தே தாங்கள் கேட்டருள வேண்டும்.