காலிக் கட்டம்னா "இல்லை"ன்னு அர்த்தமா?

இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி மனசுலயே நின்னுடுச்சு. ஒரு ஆய்வு மாணவி கேட்டிருக்காங்க: "சார், தேசிய குடும்ப நல ஆய்வு அஞ்சாவது சுற்றுல பெண்களோட பதில்கள் இருக்கற கணினித் தரவுக் கோப்பைத் திறந்தேன். ஆயிரக்கணக்குல மாறிகள், அதாவது கேள்விக்கு ஒண்ணுன்னு பதில் பத்திகள். படிப்புக்கும் குடும்ப வன்முறைக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கணும். எதை எடுக்கறது, எதை விடறது?"

கோப்பை மூடிடுங்கம்மா. வினாத்தாளைத் திறங்க. நம்ம வீடியோ தொடர்ந்து பார்க்கறவங்களுக்குத் தெரியும், என்ன கேட்டாங்கன்னு பார்க்கறதுக்கு முன்னாடி யார்கிட்ட கேட்டாங்கன்னு பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்.

2019-21ல 7,24,115 பெண்கள்கிட்ட பேசினாங்க. வன்முறைக் கேள்விகளை எல்லார்கிட்டயும் கேட்கலை. சுமார் 15 விழுக்காடு வீடுகள்லதான் அந்தப் பகுதியே. அங்கயும் வீட்டுக்கு ஒரே ஒரு பெண். அவங்களும் தனியா இருந்தாத்தான் கேட்கணும். இதைச் சொல்ற மாறி வி044 (கோப்புல V044ன்னு இருக்கும்). தேர்வாகலை, தேர்வாகிப் பேசினாங்க, தேர்வாகியும் தனிமை கிடைக்கலை, ஒவ்வொண்ணுக்கும் தனி எண். நான் முதல்ல எடுக்கறது அதைத்தான்.

ஆரம்பத்துல நான், கேள்வியே கேட்காததால காலியா இருந்த கட்டத்தை எல்லாம் பூஜ்யமா, அதாவது "வன்முறை இல்லை"ன்னு மாத்திட்டேன். வன்முறை விழுக்காடு அதலபாதாளத்துக்குப் போயிடுச்சு. ஏன்னு புரியாம, இந்த மாதிரி களப்பணிக்குப் போற ஒரு அக்காகிட்ட கேட்டேன். "மாமியார் முறத்தை எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டாங்க தம்பி, நான் அந்தக் கேள்வியை எல்லாம் விட்டுட்டேன்"னாங்க. நான் பூஜ்யம் போட்ட கட்டத்துல ஒரு மாமியார் உக்காந்திருக்காங்க! அன்னிலருந்து காலிக் கட்டத்தைப் பார்த்தா கை வைக்கவே யோசிப்பேன்.

மத்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன். படிப்புக்கு வி106, கணவர் படிப்புக்கு வி701, வசதிக்கு வி190, கிராமமா நகரமான்னு வி025. கணவர் குடிக்கிறாரான்னு டி113 (D113) இருக்கு, விட்டுடாதீங்க. மாதிரி எடைக்கு, அதாவது ஒவ்வொரு பெண்ணோட பதிலும் கணக்குல எவ்வளவு பங்கு பெறணும்னு சொல்ற எண்ணுக்கு, வி005 போடாதீங்க, இந்தப் பகுதிக்குத் தனியா டி005 இருக்கு. அந்த எண்ணைப் பத்து லட்சத்தால வகுத்துக்கணும். மாதிரித் தொகுதிக்கு, அதாவது ஆய்வுக்குத் தேர்வான ஊர் அல்லது பகுதிக்கு, வி021. எதை விட்டாலும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இருக்கற அடையாள எண்ணை விடாதீங்க, நாளைக்கு இன்னொரு மாறி வேணும்னா அதை வச்சுத்தான் ஒட்டணும்.

ஆனா நீங்க என்கிட்ட கேட்டிருக்கணும்னு நான் ஆசைப்படற கேள்வி வேற. தனிமை கிடைக்காமப் போனாங்களே, அவங்க யாரு? அவங்க படிப்பு என்ன, வீட்ல எத்தனை பேர்? வி044ல 2, அதாவது தனிமை கிடைக்கலைங்கற எண், வாங்கினவங்களைத் தனியாப் பிரிச்சு, பேசினவங்க பக்கத்துல வச்சு ஒரு அட்டவணை போடுங்கம்மா. போட்டு எனக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் அதை வச்சே பேசுவோம்.