நாலு அடிதானே என்று லாரியில் இருந்து குதிக்கிறீர்களா? இதைப் பார்த்துட்டுக் குதிங்க!

நாலு அடி உயரத்தில் இருந்து தவறினால் தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? அரை வினாடி. "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் உடம்பு மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். இது வெறும் லாரித் தளத்தின் உயரம். மூட்டை அடுக்கின் உச்சியில், 10 அடியில் நிற்கிறவர் விழுந்தால் 27 கிலோமீட்டருக்கு மேல்!

வணக்கம் மக்களே. திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுப் பக்கம் லோடு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊர்ப் பனையேறியையும் பார்த்திருப்பீர்கள். காலில் தளைநார், மரத்தில் சாய்த்து வைத்து ஏற முருக்குத்தடி, அதுவும் நாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் கால் வைப்பார், ஏனென்றால் பனையின் உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. லாரியின் உயரத்தை யாரும் உயரமாகவே நினைப்பதில்லை, அங்கேதான் சறுக்குகிறோம்.

(திரையில்: தார்ப்பாய்க் கயிறு, அருகில்)

இந்தக் கயிற்றைப் பாருங்க. லோடு மேலே ஏறி, ஓரத்தில் நின்று, இறுகிப்போன முடிச்சை முழு பலத்தோடு நம்ம பக்கம் இழுக்கிறோம். வெயிலில் இத்துப்போன கயிறு பட்டென்று அறுந்தால், இழுத்த பலமே நம்மைப் பின்னால் தள்ளும், பின்னால் பிடிக்க ஒன்றுமே இல்லை. எங்க மாமா அப்படித்தான் வெங்காய லோடில் இருந்து மல்லாக்க விழுந்தார். அறுந்த கயிற்றுத் துண்டு கைக்குள்ளேயே இருந்தது. பதறிப்போன நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீங்க! முதுகெலும்பு முறிந்திருந்தால் தூக்குவதிலேயே நரம்பு போய்விடலாம். அசைக்காமல், கிடந்தபடியே விட்டு 108-ஐக் கூப்பிடுங்க.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரத்துக்குக் கட்டை வைங்க, சாவியை டிரைவரிடம் இருந்து வாங்கி வைங்க, இறங்கும்போது முகம் லாரியைப் பார்த்து இருக்கட்டும். அப்புறம், 1982-இல் வந்த உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டப்படி நல வாரியம் இருக்கிறது, பதிந்தவர்களுக்கு விபத்து உதவித்தொகை உண்டு. உங்க வீட்டில் லோடுமேன் இருந்தால் பதிந்தாச்சா என்று இன்றைக்கே கேளுங்க, இந்த வீடியோவையும் அனுப்புங்க.

மாமாவால் இப்போது மூட்டை தூக்க முடியாது. கமிஷன் கடை வாசலில் உட்கார்ந்து சிட்டை எழுதுகிறார். லாரி வந்து நின்றதும் அங்கிருந்தே சத்தம் போடுவார்: "ஏல, கயித்தக் கீழ நின்னு அவுருங்கல!"