ஹிமாலயன் ஃபோர்க்கும் 1,400 ரூபாய் வளையமும்

வணக்கம் மக்களே. குரல் கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாகக் கோத்தகிரிக் குளிரில் ஷெட்டுக்குள்ளேயே கிடக்கிறேன். ஆனால் முன்சக்கரம் நேராகிவிட்டது! போன வீடியோவில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதே சக்கரம்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு: நம் 1998 புல்லட்டில் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கின் 41 மி.மீ. ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் காலை, மாட்டுகிறோம். அதன் 21 அங்குலச் சக்கரம் எனக்கு ஆகாது. புல்லட்டுக்கு 19தான் அழகு, சண்டைக்கு வராதீர்கள். அதனால் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, மட்டும் வைத்துக்கொண்டு, ஓர் அங்குலம் குட்டையான ஸ்போக் கம்பிகளால் 19 அங்குல ரிம்மைக் கோத்தோம்.

மாட்டியதும் பின்சக்கரத்திலிருந்து முன்னுக்கு இரு பக்கமும் நூல் இழுத்துப் பிடித்தேன். ரிம் இடப்பக்கம் 4 மி.மீ. தள்ளி நிற்கிறது! கோயம்புத்தூரில் ஒரு கடையில் கேட்டால், "ஸ்பேசர் மாத்தினா சரியாயிடும் ப்ரோ" என்றார்கள். ஹப்புக்கு இரு பக்கமும் அச்சில் நுழைக்கும் இடைவளையம்தான் ஸ்பேசர். ஒன்று தடி, ஒன்று ஒல்லி, ஜோடி 1,400 ரூபாய். வளையம், மக்களே! சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அந்தக் காசுக்குத் தெருவுக்கே வர்க்கி வாங்கிக் கொடுத்திருப்பேன்.

போட்டேன். சக்கரம் நடுவுக்கு வந்தது, பிரேக் டிஸ்க்கும் கூடவே வந்து, அதைக் கவ்வும் காலிப்பரில் கிர்ர்ரென்று உரசுகிறது. ஹப் நகர்ந்தால் அதில் முறுக்கிய டிஸ்க்கும் நகரத்தானே செய்யும்? கடைக்காரருக்குத் தெரிய வேண்டாமா? சரி, எனக்கும்தான் தோன்றவில்லை.

கடைசியில் இங்கே சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "தம்பி, அந்த வளையத்தைத் தூக்கிப் போடு. கோளாறு கம்பியில இருக்கு" என்றார். பழைய ஸ்பேசரையே மாட்டச் சொல்லி, இடப்பக்கக் கம்பிகளைச் சுற்றிலும் அரைச்சுற்று தளர்த்தி, வலப்பக்கத்தை அரைச்சுற்று இறுக்கினார். ஹப் அசையாமல் ரிம் மட்டும் வலப்பக்கம் நகர்கிறது! ஃபோர்க் காலில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிம் எங்கே உரசுகிறது என்று பார்த்து, மறுபடி அரைச்சுற்று. பிறகு ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். 'டிங்' என்றால் விட்டுவிடுகிறார், 'டப்' என்றால் கம்பி தளர்வு, இன்னொரு முறுக்கு. மறுபடி நூல் பிடித்தால் நூலிழை பிசகில்லை. 300 ரூபாய், கூடவே திட்டு இலவசம்.

அட, கோன்செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங்கை, சொல்லவே மறந்துவிட்டேன். பழைய புல்லட்டில் உதிரிக் குண்டுகள். கழற்றும்போது இரண்டு உருண்டோடி, ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. இப்போது குண்டுக்குப் பதில் கூம்பு உருளைகள் வைத்த டேப்பர் ரோலர் பேரிங். ஃபோர்க் நீளம் என்பதால் அதன் குழாய்களை, அவற்றைப் பிடிக்கும் மேல் பிளேட்டுக்கு மேலே 20 மி.மீ. ஏற்றியிருக்கிறேன். இல்லையென்றால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில் சோம்பேறித்தனமாகத் திரும்பும்.

ஊட்டி-மசினகுடி கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவு எப்போது என்று கேட்காதீர்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது, முதலில் ஆர்.டி.ஓ.விடம் பேச வேண்டும். அதுவரை மாமாவின் தேயிலைத் தோட்டப் பாதைதான். காலையில் ஓட்டினேன், கைவிட்டாலும் நேராகப் போகிறது. முன் மட்கார்டு மட்டும் இன்னும் மாட்டவில்லை. அதனால்தான் சட்டை இந்தக் கோலத்தில் இருக்கிறது.