நடக்காத சண்டை

(திரைப்படச் சங்கம் ஒன்றில், படம் திரையிட்ட பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

விளக்கைப் போட்டதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "என்ன சார், கடைசில சண்டையே வரலையே!" சொன்னவர் யாரென்று தேட வேண்டாம். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

நம்மில் பலருக்கு அமெரிக்கக் குதிரைப்படை பழக்கமானது கேப்டன் டைகர் காமிக்ஸ் வழியாக. நீலச் சட்டை, ஊதுகொம்பு, புழுதி, கடைசி நேரத்தில் பாய்ந்து வரும் படை. ஜான் ஃபோர்டு 1949இல் எடுத்த ‘ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்’ (அவள் மஞ்சள் ரிப்பன் அணிந்திருந்தாள்) படத்திலும் நீலச் சட்டைக்கும் புழுதிக்கும் குறைவில்லை. ஆனால் இதன் நாயகன் தன் உத்தியோகத்தில் கடைசியாகச் செய்யும் காரியம், ஒரு சண்டையை நடக்கவிடாமல் தடுப்பது.

கதை 1876இல் நடக்கிறது. லிட்டில் பிக்ஹார்னில் அமெரிக்கப் பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில் குதிரைப்படை அதிகாரி கஸ்டரும் அவருடைய ஆட்களும் மாண்ட செய்தியோடு தொடங்குகிறது. ஓய்வுபெறச் சில நாட்களே இருக்கும் கேப்டன் நேத்தன் பிரிட்டில்ஸ் கடைசி ரோந்துக்குக் கிளம்புகிறார். போகிற வழியில் மேஜரின் மனைவியையும் ஓர் இளம்பெண்ணையும் கோச்சு வண்டி நிலையத்தில் சேர்த்துவிட வேண்டும். போய்ப் பார்த்தால் நிலையம் எரிந்து கிடக்கிறது. வந்த வேலை எதுவும் முடியாமல் திரும்புகிறார். இடையில் அந்தப் பெண்ணுக்காக இரண்டு லெப்டினன்டுகள் முறைத்துக்கொள்கிறார்கள். படத்துக்குத் தலைப்பு கொடுத்ததைத் தவிர அந்தக் காதல் பெரிதாக எதையும் செய்யவில்லை.

பிரிட்டில்ஸாக வரும் ஜான் வெய்னைப் பாருங்கள். அப்போது அவர் நாற்பதைத் தாண்டி ஓரிரு வருடம்தான். நரைத்த மீசையோடு, ஏறக்குறைய இருபது வயது கூடிய ஆளாக வருகிறார். விடைபெறும் காலையில் படைவீரர்கள் ஒரு வெள்ளிக் கடிகாரம் கொடுக்கிறார்களே, அந்த இடம். பின்பக்கம் ஏதோ பொறித்திருக்கிறது. அவருக்குப் படிக்க முடியவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு சட்டைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அத்தனை பேர் குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, தளபதி எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். கண் கலங்குகிறது, சமாளிக்கிறார். வெய்னுக்கு நடிக்கத் தெரியாது என்பவர்களிடம் இந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் போட்டுக்காட்டுவேன்.

ஒளிப்பதிவுக்காக வின்டன் ஹோக் ஆஸ்கர் வாங்கினார். ஓவியர் ஃபிரெடரிக் ரெமிங்டனின் நிறங்கள் திரையில் வர வேண்டும் என்பது ஃபோர்டின் ஆசை. படம் பிடித்த மான்யுமென்ட் பள்ளத்தாக்கில் வானம் கறுத்து இடி இடிக்க, வீரர்கள் குதிரையை விட்டு இறங்கி, கடிவாளத்தைப் பிடித்து நடக்கிறார்களே, அந்த மின்னல் ஸ்டுடியோவில் போட்டதல்ல, நிஜ மின்னல். அதே நேரத்தில் ஆடிக்கொண்டே போகும் வண்டிக்குள் குண்டடிபட்டவனுக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. வலி தெரியாமல் இருக்க விஸ்கி. மேஜரின் மனைவியும் ஊற்றிக்கொள்கிறார். அந்தக் கலவரத்தில் ஒரு சிரிப்பு. ஃபோர்டு அப்படித்தான், விட மாட்டார்.

இப்போது முக்கியமான காட்சிக்கு வருகிறேன். பிரிட்டில்ஸ் ஒரே ஒரு சார்ஜென்ட்டோடு போருக்குத் திரண்டிருக்கும் பூர்வகுடிகளின் முகாமுக்குள் போகிறார். இளைஞர் தலைவன் அம்பை எய்து மிரட்டுகிறான். இவர் அதை எடுத்து ஒடித்து, எச்சில் துப்பி எறிகிறார். அப்புறம் பழைய நண்பரான கிழத்தலைவரின் பக்கத்தில் உட்கார்கிறார். இரண்டு கிழவர்களும் கூடாரத்தடியில் ஊர்க்கதை பேசுவதுபோலப் பேசுகிறார்கள். எருமை வேட்டைக்குப் போகலாம், சேர்ந்து குடிக்கலாம் என்கிறார் தலைவர். பொடிசுகள் என் பேச்சைக் கேட்பதில்லை, காலம் கடந்துவிட்டது என்கிறார். போருக்கு நமக்கு வயதாகிவிட்டது, ஆனால் போரை நிறுத்த வேண்டியது கிழவர்கள்தான் என்பது இவர் பதில். இரண்டு பக்கத்திலும் மூத்தவர்களின் கை ஓங்கவில்லை என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்ன இன்னொரு குதிரைப்படைப் படத்தை நான் பார்த்ததில்லை.

அன்றிரவு, பதவிக்காலம் முடியும் நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருக்க, புதுக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முகாமுக்குள் படையை ஓட்டி, குதிரைகளை எல்லாம் விரட்டிவிடுகிறார். குதிரை இல்லாமல் போர் ஏது?

இங்கே எனக்கு ஒரு சங்கடம் உண்டு. குதிரை இழந்தவர்கள் அரசு தங்களுக்கென ஒதுக்கிய நிலத்துக்கு நடந்தே திரும்ப வேண்டும். படை பின்னாலேயே போய் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவர்கள் மானத்தில் அடி விழட்டும் என்று கட்டளையிடுகிறார் நம் நாயகன். ரத்தம் சிந்தாத வெற்றிதான். அவமானத்தால் வாங்கிய வெற்றியும்கூட. அவர்கள் ஏன் ஆயுதம் எடுத்தார்கள் என்று படம் கேட்கவே இல்லை. கறுப்பு மலைகள் என்ற பகுதி லகோட்டா பூர்வகுடி மக்களுக்கே என்று 1868இல் அரசு ஒப்பந்தம் போட்டது. 1874இல் அங்கே தங்கம் இருப்பதாகச் செய்தி வந்தது. கொண்டுவந்தது வேறு யாருமல்ல, கஸ்டர் தலைமையில் போன படைதான்! தங்கம் தோண்டக் கூட்டம் குவிந்தது. கஸ்டரின் சாவோடு கதையைத் தொடங்கும் படம் இதைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. இன்னொன்று: படம் பிடித்த பள்ளத்தாக்கு நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் மண். திரையில் செயேன், அராபஹோ என்ற வேறு பூர்வகுடிகளாக வந்தவர்களில் பலர் அந்த நவஹோக்கள்தான்.

முடிவும் எனக்கு உவப்பில்லை. மேற்கே தனியாகப் போகிறவரைத் துரத்திப் பிடித்து, பதவி உயர்வுக் கடிதம் கொடுத்துத் திரும்பக் கூட்டிவருகிறார்கள். அந்த மனிதரை அப்படியே போகவிட்டிருக்கலாம்.

அடுத்த மாதம் ‘ஃபோர்ட் அப்பாச்சி’ போடுகிறோம். இதற்கு முந்தைய வருடம், 1948இல், ஃபோர்டு எடுத்தது. அதில் ஹென்றி ஃபோண்டாவின் அதிகாரி, பேச வந்த அப்பாச்சித் தலைவர் கொச்சீஸை அவமதித்துவிட்டுத் தன் படையைச் சாவுக்குள் நடத்திப் போகிறார். பின்வரிசை நண்பரே, அதில் சண்டை உண்டு. அவசியம் வாருங்கள்.