கடற்பஞ்சுத் தீவில் பாறையேறுவோர்

நேயர்களுக்கு வணக்கம்.

கிரேக்க நாட்டின் காலிம்னோஸ் தீவுக்கு ஆகஸ்ட் மாதத்தில் செல்பவர்கள், அந்தத் தீவு இன்று எதனால் அறியப்படுகிறதோ அதைப் பெரும்பாலும் காணாமலேயே ஊர் திரும்புகிறார்கள். அங்கே வெளிநாட்டாரை வரவழைப்பது கடலைவிட அதிகமாகப் பாறைதான். கோடை வெயிலில் சுண்ணாம்புக்கல் கை வைக்க முடியாதபடி சுடும் என்பதால், பாறையேறுவோர் வசந்த காலத்திலும், செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரையிலும் வருகிறார்கள். மற்ற தீவுகளில் விடுதிகள் ஒவ்வொன்றாகக் கதவடைக்கும் அக்டோபரில், இங்கே மசூரி என்ற சிற்றூரின் ஒற்றைத் தெரு முழுவதும் தோளில் கயிற்றுச் சுருள் தொங்கும் மனிதர்களால் நிறைந்திருக்கும்.

துருக்கிக் கரைக்கு அருகே, கோஸ் தீவுக்குச் சற்று வடமேற்கே உள்ளது காலிம்னோஸ். பரப்பளவு சுமார் 110 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மொட்டை மலை. உழுது பிழைக்கப் போதிய மண் இல்லை. அதனால் ஆண்கள் கடலின் அடியில் வளரும் கடற்பஞ்சை, அதாவது குளிக்கவும் துடைக்கவும் பயன்படும் ஸ்பாஞ்சை, அறுத்து விற்றுப் பிழைத்தார்கள். ஈஸ்டர் பண்டிகை முடிந்ததும் படகேறி வட ஆப்பிரிக்கக் கரை வரை சென்று, இலையுதிர் காலத்தில் திரும்புவது வழக்கம். தட்டையான கனத்த கல்லைக் கையில் ஏந்தி, அதன் எடையால் விரைந்து மூழ்கி, மூச்சு முடியுமுன் கயிற்றைப் பற்றி மேலே வருவது அவர்களுடைய பழைய முறை. மன்னார் வளைகுடாவில் கல்லின் துணையோடு முத்துக்குளித்தவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

1860-களில் செம்புத் தலைக்கவசமும், படகிலிருந்து குழாய் வழியே காற்றை அனுப்பும் பம்பும் கொண்ட முழு உடல் உடை இந்தத் தீவைச் சூழ்ந்த ஏஜியன் கடலுக்கு வந்தது. அதை அணிந்தவர் முன்னைவிட ஆழத்தில், முன்னைவிட நெடுநேரம் வேலை செய்ய முடிந்தது; வருமானமும் பெருகியது. ஆனால் ஆழத்தின் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்குகிறது என்பதையும், வேகமாக மேலே வந்தால் அது குமிழிகளாகப் பிரிந்து நரம்புகளைத் தாக்கும் என்பதையும் அந்த மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. எத்தனையோ பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலர் கால் வழங்காமல் முடங்கினார்கள். எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு நேரம் நின்று நின்று மேலேற வேண்டும் என்ற அட்டவணையை உடலியங்கியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் வெளியிட்டது 1908-இல்தான். காலிம்னோஸ் மக்கள் இன்றும் ஆடும் மிகானிகோஸ் என்ற நடனத்தில், வரிசையின் தலைவர் கைத்தடியை ஊன்றி, நடுங்கும் கால்களோடு தடுமாறித் தடுமாறி அடியெடுத்து வைப்பார். பார்ப்பவருக்கு முதலில் அது வேடிக்கை போல் இருக்கும். யாருடைய நடை அது என்று தெரிந்தபின் சிரிப்பு வராது.

செயற்கைப் பஞ்சு சந்தையைப் பிடித்தது. 1980-களின் நடுவில் மத்தியதரைக் கடலின் கடற்பஞ்சுகளை நோய் தாக்கியது. தொழில் இவ்வாறு நலிந்திருந்த நிலையில், 1996-இல் ஆந்திரேயா தி பாரி என்ற இத்தாலியப் பாறையேற்றக்காரர் விடுமுறைக்காக இங்கே வந்தார். தீவினர் ஆடு மேய்க்க மட்டுமே பயன்பட்டதாக எண்ணியிருந்த செங்குத்துச் சுவர்களை அவர் வேறு கண்ணோடு பார்த்தார். மறு ஆண்டே நண்பர்களோடு திரும்பி வந்து, பாறையில் துளையிட்டு இரும்பு போல்ட்டுகளைப் பதித்தார். அன்று தொடங்கிய பாறையேறும் வழிகள் இன்று மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன. நகராட்சியும் இதன் மதிப்பை விரைவிலேயே உணர்ந்து கைகொடுத்தது. கடல் காற்று எஃகையும் அரிக்கும் என்பதால், பழைய போல்ட்டுகளைக் கழற்றிப் புதியவற்றைப் பதிக்கும் வேலைக்கு முடிவே இல்லை.

ஏறும் முறையைச் சற்று விளக்குகிறேன். முன்னால் ஏறுபவர் இடுப்பு வாரில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பாறையில் பதித்த ஒவ்வொரு போல்ட்டையும் அடையும்போது கொக்கி மாட்டி, அதில் கயிற்றை நுழைத்துக்கொண்டே செல்வார். கீழே நிற்கும் துணைவர் அதே கயிற்றை ஒரு பிடிகருவியின் வழியாகச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பார். மேலே கை வழுக்கினால் அந்தக் கருவி கயிற்றைப் பற்றி நிறுத்தும். மசூரிக்கு மேலே கிராந்தே குரோத்தா என்ற பெரிய குகை இருக்கிறது. அதன் கூரையிலிருந்து யானையின் தும்பிக்கைகளைப் போலச் சுண்ணாம்புத் தூண்கள் தொங்குகின்றன. ஏறுபவர்கள் அவற்றைக் கால்களால் கட்டிப்பிடித்துக்கொண்டு, இரு கைகளுக்கும் ஓய்வு கொடுப்பதைக் கீழிருந்து பார்க்கலாம். அது தேர்ந்தவர்களுக்கான இடம். முதல்முறை வருபவருக்கும் பயிற்றுநரோடு ஏறிப் பழகுவதற்கு எளிய சுவர்கள் ஏராளமாக உள்ளன.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இறங்குவதைப் பற்றி. மூழ்கியவருக்கு ஆபத்து மேலே வரும்போது காத்திருந்ததைப் போல, இங்கே கவனக் குறைவுக்கு இடம் தருவது உச்சியைத் தொட்டபின் கீழே இறக்கப்படும் நேரம். காலிம்னோஸில் சில வழிகள் 35 மீட்டருக்கும் நீளமானவை. கயிறு மேலே போய்த் திரும்ப வேண்டுமாகையால் வழியின் நீளத்தைப்போல் இரு மடங்கு தேவை. 70 மீட்டர்க் கயிறு போதாமல், அதன் வால்நுனி துணைவரின் கருவியிலிருந்து நழுவிவிட்டால், ஏறியவர் தரையில் விழுவார். கயிற்றின் வால்நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் இது நிகழாது. அரை நிமிட வேலை. ஆனாலும் மகிழ்ச்சியில் இருப்பவர்கள் மறப்பது அதைத்தான். ஆகவே 80 மீட்டர்க் கயிறு கொண்டு செல்லுங்கள், முடிச்சையும் மறவாதீர்கள்.

கோஸ் தீவுக்கு விமானத்தில் சென்று, மஸ்திகாரி துறையிலிருந்து படகேறினால், ஒரு மணி நேரத்துக்குள் காலிம்னோஸின் தலைநகர் போதியாவை அடையலாம். மேற்கு நோக்கிய சுவர்களில் நண்பகல் வரை நிழல் இருக்கும். விடிகாலையில் ஏறத் தொடங்குவது நலம். அடிவாரத்தில் வைத்த பையை நன்றாக மூடிவையுங்கள். அங்குள்ள ஆடுகள் ரொட்டியை மட்டுமல்ல, ரொட்டி சுற்றிய காகிதத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எதிரே கடலில் எழும் தெலெந்தோஸ் தீவுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். கி.பி. 554-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அது காலிம்னோஸிலிருந்து பிரிந்தது என்று சொல்வார்கள். அங்கே கார்கள் கிடையாது. மிர்த்தியேஸ் துறையிலிருந்து சிறு படகில் பத்து நிமிடப் பயணம். புறப்படும் முன்பே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகோட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் இரவை அங்கேதான் கழிக்க வேண்டியிருக்கும்.

வணக்கம்.